கிண்ணமும் கீர்த்தனையும்

தோழர்களே, வடலூரில் கூடியிருந்துகொண்டு தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிராயர் ஒருவரைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்? 1867இல் வள்ளலார் இந்த ஊரில் தருமச்சாலையைத் தொடங்கிச் சாதி கேளாமல் சோறிட்டார். அதற்கு மூன்றாண்டு முன்பு தஞ்சையில் மறைந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். யாரோடு யார் அமர்ந்து அருந்துவது என்பதுதான் அவரை அலைக்கழித்த வழக்கும்.

(மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள்.)

சாஸ்திரியார் 1774இல் திருநெல்வேலிச் சீமையில் வேளாளக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே ஷ்வார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சைக்கு அழைத்துவந்து படிக்கவைத்தார். பின்னால் மன்னரான சரபோஜி அவருக்கு இளமைத் தோழர். 1800இல் பாடிய 'பெத்தலேகேம் குறவஞ்சி'யில் குறத்தியையே நற்செய்தி சொல்ல வைத்தார். கோயிலிலும் அரண்மனையிலும் ஒலித்த பாட்டு வடிவங்களைத் தேவாலயத்துக்குள் கொண்டுவந்தது சிறிய சாதனையல்ல.

அதே தேவாலயத்தில் வேளாளர் ஒரு பக்கமும் பறையர் ஒரு பக்கமுமாக உட்கார்ந்தார்கள். திருவிருந்துக் கிண்ணம் முதலில் வேளாளர் வாய்க்குப் போய், பிறகுதான் நம்மவர் வாய்க்கு வரும். 1820களில் வந்த புதிய மிஷனரிகள் இந்த வழக்கத்தை உடைக்க முற்பட்டார்கள். சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். சாதி உலக வழக்கம், மதத்தோடு சேர்ந்ததல்ல என்பது அவர் தரப்பு. 1829இல் எழுதிய நூலுக்கு அவர் வைத்த பெயரே 'சாதி திருத்தலின் பயித்தியம்'. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் திருச்சபையில் சாதியை உடனே கைவிட வேண்டும் என்று கடிதம் விடுத்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் வேளாளர் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். ஆண்டவரை விட்டாலும் விடுவோம், பந்தியை விடமாட்டோம் என்ற கதைதான்.

மிஷனரிகளைத் தூக்கிப் பிடிக்கவும் நமக்கு மனமில்லை. கிண்ணத்தைப் பொதுவாக்க வந்த கை, தமிழ்ப் பாட்டை ஆராதனையிலிருந்து அப்புறப்படுத்தவும் பார்த்தது. தமக்கு இழைத்த கொடுமைகள் என்று சாஸ்திரியார் அடுக்கியபோது சாதிக் கலப்பும் பாட்டுத் தடையும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன. பாட்டு விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. கிண்ண விஷயத்தில் துளியும் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் அவரைப் 'தமிழிசை காத்தவர்' என்று மட்டும் போற்றுகிறவர்கள், கிண்ணத்துக்காகக் கடைசி வரிசையில் காத்திருந்தவர்களை மறைத்துவிடுகிறார்கள்.

1853இல் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். சாஸ்திரியாரின் பாடல்கள் அச்சேறிப் பரவின. சேரிக் கோயில்களின் ஞாயிறு பள்ளிகளில் நம் பாட்டிகள் கைகட்டி நின்று அவற்றை மனப்பாடம் செய்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கும் ராகம் தெரிந்திருந்தது. தங்களோடு சமமாக உட்கார மறுத்தவரின் பாட்டு இது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பாடியிருப்பார்கள் என்றே நினைக்கிறோம். அந்தக் குரலைச் சேர்த்தவர்கள் அவர்கள். அதனால் பாட்டில் அவர்களுக்கும் பாத்தியதை உண்டு.

இதற்குப் பதில் பாட்டாகவே வந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த பறட்டை தியாபிலஸ் அப்பாவு, கர்நாடகக் கீர்த்தனையின் மேட்டிமையை மறுத்து, பறையோடும் கிராமத்து மெட்டோடும் ஆராதனையை அமைத்தார். 2005இல் மறையும்வரை அவர் வலியுறுத்திய சொல் 'ஒரு உலை': எல்லாரும் சேர்ந்து ஆக்கி, சேர்ந்து உண்ணும் ஒரே உலை. தருமச்சாலை அடுப்பு இங்கே இன்னும் அணையாமல் எரிகிறது. அரசரடியில் எழுந்த அந்தச் சொல் எத்தனை சபைகளின் சமையற்கட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று, அடுத்த ஞாயிறு உங்கள் ஊர் அசன விருந்தில் யார் பரிமாறுகிறார்கள், யார் இலையெடுக்கிறார்கள் என்பதைக் கவனித்துவிட்டு வந்து எங்களிடம் சொல்லுங்கள்.