ஜார்ஜ் ஃபோர்மன்

ஜார்ஜ் ஃபோர்மன் (10 ஜனவரி 1949 – 21 மார்ச் 2025) இருமுறை ஹெவிவெயிட் உலகப் பட்டம் வென்ற அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர். டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷலில் பிறந்து ஹூஸ்டனில் வறுமையில் வளர்ந்தார். ஏழை இளைஞருக்கான அரசின் ‘ஜாப் கோர்’ தொழிற்பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தபோது குத்துச்சண்டை பழகினார்.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, அடுத்த ஆண்டு தொழில்முறைக்கு மாறினார். 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில், அதுவரை தோல்வியே காணாத ஜோ ஃப்ரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறுமுறை வீழ்த்திப் பட்டத்தைக் கைப்பற்றினார். 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் முகமது அலியிடம் அதை இழந்தார். கயிற்றில் சாய்ந்து குத்துகளைத் தாங்கிய அலி, களைத்துப்போன ஃபோர்மனை எட்டாவது சுற்றில் சாய்த்தார்.

1977இல் ஜிம்மி யங்கிடம் தோற்றபின் விளையாட்டைத் துறந்து ஹூஸ்டனில் மதபோதகரானார். தாம் நடத்திய இளைஞர் மையத்துக்கு நிதி திரட்ட, 1987இல் களத்துக்குத் திரும்பினார்.

1994 நவம்பர் 5 அன்று லாஸ் வேகாஸில் 26 வயது நடப்புச் சாம்பியன் மைக்கேல் மூரரைச் சந்தித்தபோது அவருக்கு வயது 45. அணிந்திருந்தது கின்ஷாசாவில் உடுத்திய அதே சிவப்புக் கால்சட்டை. ஒன்பது சுற்றுகள்வரை புள்ளிகளில் பின்தங்கியிருந்தார். பத்தாவது சுற்றில் தாடையில் இறங்கிய ஒரு நேர் வலக்கைக் குத்து மூரரை வீழ்த்தியது. மிக மூத்த வயதில் ஹெவிவெயிட் பட்டம் வென்றவர் என்ற பெருமை இன்றும் ஃபோர்மனுக்கே உரியது.

1997இல் ஓய்வுபெற்றார். மொத்தம் 81 போட்டிகள்; 76 வெற்றிகள், அவற்றில் 68 நாக் அவுட்; 5 தோல்விகள்.