வாள் போன கச்சை

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் பிள்ளை கராத்தே வகுப்பில் சேர்ந்தால் சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: "பிளாக் பெல்ட் எப்ப வாங்குவே?"

ஜப்பானில் அந்த பெல்ட் வெறும் இடைக்கச்சை. சாமுராய் வாளைச் செருகிக்கொண்டது அதில்தான். 1876இல் மெய்ஜி அரசு வாள் தரிக்கத் தடை போட்டது. வாள் போயிற்று, கச்சை தங்கியது. 1882இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, சில ஆண்டுகளில், தேறிய மாணவர்களைக் கறுப்புக் கச்சை கட்டவைத்தார். அவர் கல்வியாளர். ஒகினாவாவிலிருந்து 1922இல் டோக்கியோ போய்க் கராத்தேயைப் பரப்பிய கிச்சின் ஃபுனகோஷியும் பள்ளி வாத்தியார்தான். கானோவைப் பார்த்து 1924இல் தம் மாணவர்களுக்கும் கறுப்பு கொடுத்தார். நம்மூர் வகுப்புகள் மேற்கோள் காட்டும் சாமுராய் அறமும் பெரும்பாலும் இனாசோ நிடோபே என்ற பேராசிரியர் 1900ஐ ஒட்டி, அமெரிக்காவில் இருந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய 'புஷிடோ' நூல் வழியே வந்தது. ஆக, வாளேந்தியவனைவிட வாத்தியாரின் கை இதில் அதிகம்.

மஞ்சளும் பச்சையும் நீலமும் 1920, 30களில் லண்டனிலும் பாரிசிலும் பரவியவை. இங்கே நிறத்துக்கு ஒரு தேர்வு, தேர்வுக்கு ஒரு கட்டணம். பணம் கட்டினால் சீக்கிரமே கறுப்பு கட்டிவிடும் வகுப்பில் மானம், நேர்மை என்று போதிப்பதைக் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

பெல்ட்டைவிட இங்கே முக்கியமான பயணம் வேறு, அது பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. 1901 வாக்கில் ஆங்கோ இத்தோசு கராத்தேயை ஒகினாவாப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். இப்போது நம்மூர் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி உண்டு. பெல்ட் வாங்க அந்த மூன்று மாதம் போதாது. சீருடையிலேயே, மைதானத்து மண்ணில் வரிசையாக நின்று குத்தப் பழகுகிறார்கள். குனிந்து வணங்கித் தொடங்குவது மட்டும் அவர்களுக்குப் புதிதல்ல. சிலம்பத்தில் ஆசானை வணங்காமல் யாரும் கம்பெடுப்பதில்லை.

விளக்கம் தேவைப்படுவது ஃபுனகோஷியின் விதி ஒன்றுக்கு: கராத்தேயில் முதல் அடி கிடையாது. ஆண்பிள்ளைக்கு அது அடக்கம். ஜெயங்கொண்டம் பஸ் நெரிசலில் ஒருவன் இடிக்கும்போது ஒரு பெண் இதையே நினைத்துப் பொறுத்துப்போனால் விதி தலைகீழாகிவிடும். அவன் கை பட்டதுமே முதல் அடி விழுந்தாயிற்று, அடுத்தது உன் முறை என்று மாஸ்டர் வகுப்பிலேயே வாய்விட்டுச் சொல்லித்தர வேண்டும்.