யாருக்குப் பாதுகாப்பான தீவு?

1805 அக்டோபரில் ஜான் லேடன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மலாயாக் கரையோரத் தீவான பினாங்கில் நோயாளியாக வந்து இறங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் அரசில் மருத்துவர். மைசூர் நில அளவைக் குழுவோடு அலைந்ததில் காய்ச்சல் அவர் உடம்பை உருக்கியிருந்தது. ஒரு மாதத்துக்கு முன்புதான் பினாங்கு அரசின் உதவிச் செயலாளராக வந்து சேர்ந்திருந்த ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸின் வீட்டில் தங்கினார். ராஃபிள்ஸின் மனைவி ஒலிவியா கவனித்துக்கொண்டதில் உடம்பு தேறியது. சில மாதங்களில் கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

விடுமுறைக்குப் பாதுகாப்பான நாடு எது என்று இன்று விசாரிக்கிறோம். அன்றைய கம்பெனி அதிகாரிகளும் அதையே விசாரித்தார்கள். ‘எங்கே போனால் பிழைப்போம்’ என்பது அவர்கள் கேட்ட விதம். கடல் காற்று, குளிர்ந்த மலை, மதராஸைப்போல் கொளுத்தாத வெயில் என்று பினாங்குக்கு நல்ல பெயர் இருந்தது. மலை உச்சியில் நோய் தேறுவோருக்கென்றே ஒரு பங்களா கட்டினார்கள். 1923இல் மலை ரயில் ஓடத் தொடங்கும் வரை துரைமார் குதிரையிலோ, ஆட்கள் தோளில் சுமந்த டோலியிலோ ஏறினார்கள். சுமந்தவர்களுக்கு அந்த மலை எப்படி இருந்தது என்று எவரும் குறித்துவைக்கவில்லை.

அதே தீவுக்கு, லேடன் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு கப்பல் வந்தது. பாளையக்காரர் போர் முடிந்து மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்கள் தரப்பில் எஞ்சியவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோரை 1802 பிப்ரவரியில் ‘அட்மிரல் நெல்சன்’ என்ற கப்பலில் தூத்துக்குடியிலிருந்து நாடு கடத்தினார்கள். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவர். மீசைகூட அரும்பாத வயது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1818இல், ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி பினாங்கில் அவரைப் பார்த்தார். வெல்ஷ் இளம் வயதில் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டவர். பிறகு அதே மருதுவை எதிர்த்துப் போரிட்டவர். எதிரே வந்து நின்றது தளர்ந்துபோன ஒரு கிழவர் என்றே அவர் முதலில் நினைத்தார். துரைசாமிக்கு அப்போது முப்பதைச் சுற்றித்தான் வயது. வெல்ஷ் இதை வருத்தத்தோடுதான் தம் நினைவுக்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். ஆனால் வருத்தம் துரைசாமியை ஊருக்கு அனுப்பவில்லை.

ஒரே தீவு ஒருவருக்கு ஆரோக்கிய வாசஸ்தலம், இன்னொருவருக்குத் தீவாந்தரம்.

துரைமாருக்குக்கூட அந்த நல்ல பெயர் முழுதாகப் பலிக்கவில்லை. 1786இல் தீவைக் கம்பெனிக்காகக் கைப்பற்றிய ஃபிரான்சிஸ் லைட், காட்டை வெட்டவைக்க பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை உண்டு. காசு கதையாகவே இருக்கலாம். காடு வெட்டப்பட்டது நிஜம், சதுப்பில் கொசு பெருகியதும் நிஜம். 1794இல் லைட்டே மலேரியாவில் இறந்தார். 1805இல் பினாங்கு தனி மாகாணமாக உயர்த்தப்பட்டது. அடுத்த 15 ஆண்டுகளுக்குள் டண்டாஸ், புரூஸ், பெட்ரி, பேனர்மன் என நான்கு கவர்னர்கள் பதவியில் இருக்கும்போதே மாண்டார்கள். உடம்பைத் தேற்றப் போகும் ஊரின் கவர்னர்களே இப்படிப் போனது கம்பெனிக்கு உறுத்தியதா, தெரியவில்லை. அதிகாரிகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அடுத்த அத்தியாயம் ஜெரெஜாக் தீவில். பினாங்குக்கும் நிலப்பகுதிக்கும் நடுவே கிடக்கும் சின்னத் தீவு அது. 1870களில் அங்கே தொழுநோயாளிகளுக்கான குடியிருப்பும், கப்பலில் வருவோரைத் தடுத்துவைக்கும் நோய்த்தடுப்பு முகாமும் அமைந்தன. நாகப்பட்டினத்தில் ஏறி, கப்பலின் மேல்தளத்தில் மூட்டை முடிச்சோடு சுருண்டு கிடந்து வந்த தோட்டக்கூலிகளுக்கு மலாயா முதலில் காட்டிய முகம் ஜெரெஜாக்தான். பயணி ஊரைப் பார்த்து ‘இது பாதுகாப்பா?’ என்று கேட்பது வழக்கம். இங்கே ஊர் பயணியைப் பார்த்துக் கேட்டது. முதல் வகுப்பில் வந்தவர்களோ, 1885இல் சார்க்கீஸ் சகோதரர்கள் தொடங்கி வளர்த்த ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டலில் கடலைப் பார்த்து உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். ஜெரெஜாக் பின்னர் 1969 முதல் 1993 வரை சிறையாக இருந்தது. 2004இல் அங்கே ஓர் உல்லாச விடுதியே திறந்தார்கள்.

1941இல் பினாங்கின் அந்த நல்ல பெயர் ஒரே வாரத்தில் கிழிந்தது. டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்கு மேலே வந்தபோது, ஜனங்கள் தெருவில் கூடி நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள்மேலேயே குண்டு விழுந்தது. சில நாட்களில் வெள்ளையர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றி அனுப்பிவிட்டது நிர்வாகம். சீனர், மலாய்க்காரர், தமிழர் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடி அப்படியே பறந்துகொண்டிருந்தது. பறக்கும் வரை குண்டும் விழும். அதை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றியவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியர், இலங்கைத் தமிழரான மாணிக்கசோதி சரவணமுத்து. பிரிட்டிஷார் போய்விட்டார்கள், குண்டு போடாதீர்கள் என்று வானொலியிலும் அறிவித்தார். 19ஆம் தேதி ஜப்பானியப் படை உள்ளே வந்தது. ஊரைக் காக்க வேண்டியவர்கள் ஓடிய பிறகு, ஊருக்காகப் பேச ஒரு பத்திரிகைக்காரர்தான் மிஞ்சினார்.

பிறகு வந்த கதை பலருக்கும் தெரிந்தது. 1970களில் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மலேசியாவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பினாங்கில் மாண்டவர்கள். கடற்கரைக்கு விடுமுறை நாளைக் கழிக்க வந்திருந்த குடும்பங்களும் அதில் உண்டு. 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் முப்பது நாள் வரை விசா இல்லாமல் போய்வரலாம்.

தாராளமாகப் போகலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: 1983இல் பினாங்கு விமான நிலையத்தில் ஹெராயினோடு பிடிபட்ட இரண்டு ஆஸ்திரேலியர்களை 1986இல் மலேசியா தூக்கிலிட்டது. வெளிநாட்டு அரசுகள் கெஞ்சியும் பலனில்லை. 2023இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டாலும், போதைப்பொருள் கடத்தலுக்குத் தூக்கு இன்னும் சட்டத்தில் இருக்கிறது. விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர் நீட்டும் பொட்டலத்தை, அது ஊறுகாய் என்றே சொன்னாலும், வாங்கிப் பையில் வைக்காதீர்கள்.