சட்ட ஆய்வின் அடிப்படைகள்: செண்பகம் துரைராஜன் வழக்கு காட்டும் வழி

ஒரு சட்டச் சிக்கலுக்கு இன்றைய தேதியில் செல்லத்தக்க விடை எது என்பதைத் தக்க மூலங்களிலிருந்து தேடி, அவற்றின் தகுதியை எடைபோட்டு, உறுதி செய்துகொள்ளும் முறையே சட்ட ஆய்வு எனப்படும். வழக்குரைஞர்களும் நீதிபதிகளும் அன்றாடம் செய்யும் பணி இது. எனினும் வரலாறு, அரசியல் அறிவியல் பயிலும் மாணவர்களுக்கும், செய்தித்தாளில் தீர்ப்புகளைப் படிக்கும் பொதுமக்களுக்கும் இதன் அடிப்படைகள் தேவைப்படுகின்றன. சென்னை மாகாணத்தில் தோன்றி இந்திய அரசமைப்பின் முதல் திருத்தத்திற்கே காரணமான செண்பகம் துரைராஜன் வழக்கைக் கொண்டு அவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கின் பின்னணி

நீதிக்கட்சி ஆட்சியில் 1921ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்ட வகுப்புவாரி அரசாணை, 1927இல் அமைச்சர் எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால் நடைமுறைக்கு வந்தது. கல்லூரி இடங்களும் இதே முறையில் வகுப்புவாரியாகப் பகிர்ந்தளிக்கப்பட்டன. 1950இல் நடப்பில் இருந்த ஆணையின்படி ஒவ்வொரு 14 இடங்களும் பின்வருமாறு பங்கிடப்பட்டன: பிராமணர் அல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, அரிசனர் 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் 1, முசுலிம்கள் 1.

1950 சனவரி 26 அன்று அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு சூன் மாதம் செண்பகம் துரைராஜன் என்பவர் மருத்துவக் கல்லூரி இடம் தொடர்பாகவும், சீனிவாசன் என்பவர் பொறியியல் கல்லூரி இடம் தொடர்பாகவும் இந்த ஆணையை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர். சூலையில் உயர்நீதிமன்றம் ஆணை செல்லாது என்றது. மாகாண அரசு மேல்முறையீடு செய்தது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு உயர்நீதிமன்றத்தின் முடிவை உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எஸ்.ஆர். தாஸ்.

முதன்மை மூலமும் துணை மூலமும்

சட்ட மூலங்கள் இருவகைப்படும். அரசமைப்பு, நாடாளுமன்ற, சட்டமன்றச் சட்டங்கள், அரசிதழில் வெளியான விதிகள், அரசாணைகள், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவை முதன்மை மூலங்கள். சட்டத்தின் ஆற்றல் இவற்றுக்கே உண்டு. விளக்கவுரை நூல்கள், பாடநூல்கள், ஆய்விதழ்க் கட்டுரைகள், செய்திகள், கலைக்களஞ்சியங்கள் ஆகியவை துணை மூலங்கள். இந்தக் கட்டுரையும் துணை மூலமே. துணை மூலம் வழிகாட்டும். முடிவு சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதற்கு இவ்வழக்கே சான்று. செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார், போதிய மதிப்பெண் இருந்தும் இடம் மறுக்கப்பட்டது என்று பலர் எழுதியும் பேசியும் வருகின்றனர். உச்சநீதிமன்றத் தீர்ப்பின் தொடக்கப் பத்திகளைப் படித்தால் வேறு செய்தி தெரியவரும். அவருடைய பிரமாணப் பத்திரத்தைப் பார்க்கும்போது அவர் உண்மையில் விண்ணப்பித்ததாகத் தெரியவில்லை என்றும், தம் வகுப்பின் காரணமாக இடம் கிடைக்காது என விசாரித்து அறிந்ததாகவே அவர் கூறியுள்ளார் என்றும் நீதிமன்றம் பதிவு செய்துள்ளது. அரசுத் தரப்பு இதை ஓர் ஆட்சேபமாக எழுப்பாததால் வழக்கு தொடர்ந்து நடந்தது. சீனிவாசனோ கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு உண்மையிலேயே விண்ணப்பித்திருந்தார். ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் எழுதும்போது இத்தகைய விவரங்கள் மறைந்து போகின்றன. ஆகவே எந்த நூலில் படித்தாலும் மூலத் தீர்ப்பை ஒருமுறையேனும் திறந்து பார்ப்பது ஆய்வின் முதல் கடமை.

தீர்ப்பைப் படிக்கும் முறை

இந்தியாவில் தீர்ப்புகளை முறையாகத் தொகுத்து வெளியிட 1875இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி மறு ஆண்டு முதல் கல்கத்தா, சென்னை, பம்பாய், அலகாபாத் ஆகிய வரிசைகளில் 'இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்' வெளிவந்தது. தனியார் வெளியீடுகளில் 1891இல் தொடங்கிய 'மெட்ராஸ் லா ஜர்னல்', 1914 முதல் வரும் 'ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்' ஆகியவை குறிப்பிடத்தக்கவை. 'ஏ.ஐ.ஆர். 1951 எஸ்.சி. 226' என்ற குறிப்பைக் கண்டால், ஆல் இந்தியா ரிப்போர்ட்டரின் 1951ஆம் ஆண்டு உச்சநீதிமன்றப் பகுதியில் 226ஆம் பக்கம் என்று பொருள் கொள்ள வேண்டும். செண்பகம் துரைராஜன் வழக்கின் முகவரி அதுதான்.

தொகுப்புகளில் தீர்ப்பின் மேலே தலைக்குறிப்பு என்ற சுருக்கம் இருக்கும். அது பதிப்பாசிரியர் எழுதியது. நீதிபதியின் சொல் அன்று. எனவே தலைக்குறிப்பை மேற்கோள் காட்டலாகாது.

தீர்ப்புக்குள்ளும் எல்லா வரிகளும் ஒரே எடை உடையன அல்ல. முடிவுக்கு இன்றியமையாத காரணமே பின்வரும் வழக்குகளைக் கட்டுப்படுத்தும். போகிற போக்கில் சொன்ன கருத்துகள் அவ்வாறு கட்டுப்படுத்துவதில்லை. இவ்வழக்கில் முடிவுக்கான காரணம் இதுதான்: அரசு நடத்தும் அல்லது அரசு உதவி பெறும் கல்வி நிறுவனத்தில் சாதி, சமயம் முதலியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி எந்தக் குடிமகனுக்கும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது 29(2) உறுப்பு. அரசுப் பணியில் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு செய்ய 16(4) இடம் தருகிறது. கல்லூரிச் சேர்க்கைக்கு அத்தகைய விதிவிலக்கு அரசமைப்பில் இல்லை. நலிந்தோர் கல்வியைப் பேணச் சொல்லும் 46ஆம் உறுப்பு வழிகாட்டு நெறியே. அது அடிப்படை உரிமையை மீற முடியாது.

இதைக் கவனியாமல் 'உச்சநீதிமன்றம் இடஒதுக்கீட்டையே மறுத்தது' என்று எழுதுவது பிழை. அதே நாளில், அதே நீதிமன்றம் வெங்கடரமணா வழக்கில் மாவட்ட முன்சீப் பணியிடங்களைப் பற்றித் தீர்ப்பு வழங்கியது. அதில் அரிசனருக்கும் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கும் செய்த ஒதுக்கீட்டை 16(4)இன் கீழ் ஏற்றுக்கொண்டு, மற்ற வகுப்புவாரிப் பங்கீட்டை மட்டும் செல்லாது என்றது. இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால்தான் படம் முழுமையாகும்.

நீதிமன்றப் படிநிலை

தீர்ப்பு வழங்கிய நீதிமன்றம் எது, அமர்வில் எத்தனை நீதிபதிகள் என்பதையும் பார்க்க வேண்டும். அரசமைப்பின் 141ஆம் உறுப்பின்படி உச்சநீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். ஓர் உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு அதன் கீழுள்ள நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். பிற மாநில உயர்நீதிமன்றங்களுக்கு அது மதிக்கத்தக்க கருத்து மட்டுமே. ஒரே நீதிமன்றத்தில் சிறிய அமர்வு பெரிய அமர்வின் முடிவை மாற்ற இயலாது.

இன்றும் உயிரோடு இருக்கிறதா?

சட்ட ஆய்வில் பெரும்பாலோர் தவறவிடும் படி இதுவே. ஒரு தீர்ப்போ சட்டப் பிரிவோ கிடைத்தவுடன் தேடலை நிறுத்திவிடக் கூடாது. பின்னர் அதற்கு என்ன நேர்ந்தது என்று தொடர்ந்து பார்க்க வேண்டும்.

உயர்நீதிமன்றத் தீர்ப்பு வெளியானதுமே பெரியார் தலைமையில் திராவிடர் கழகம் கிளர்ச்சியில் இறங்கியது. உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அரசமைப்பின் முதல் திருத்தம் 1951 சூன் 18 அன்று நடைமுறைக்கு வந்தது. சமூக நிலையிலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் சிறப்பு ஏற்பாடு செய்வதை 29(2) உறுப்பும் தடுக்காது என்று கூறும் 15(4) சேர்க்கப்பட்டது. ஏப்ரல் 9இல் வந்த தீர்ப்பின் அடித்தளம் எழுபது நாளில் மாறிவிட்டது. தீர்ப்பு இன்றும் புத்தகத்தில் அப்படியே அச்சாகி வருகிறது. திருத்தத்தைத் தேடாமல் அதை மட்டும் படிப்பவர், கல்விச் சேர்க்கையில் ஒதுக்கீடு கூடாது என்றே முடிவுக்கு வருவார்.

வழிகாட்டு நெறிகள் பற்றிய பகுதியும் காலப்போக்கில் மாறியது. 1958இல் கேரளக் கல்வி மசோதா குறித்த கருத்துரையில், அடிப்படை உரிமைகளையும் வழிகாட்டு நெறிகளையும் இயன்றவரை இணக்கமாகப் பொருள் கொள்ள வேண்டும் என உச்சநீதிமன்றம் கூறியது. அதை எழுதியவர் தலைமை நீதிபதியாக உயர்ந்திருந்த அதே எஸ்.ஆர். தாஸ். 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில் இவ்விரண்டுக்கும் இடையிலான சமநிலை அரசமைப்பின் அடித்தளம் என வலியுறுத்தப்பட்டது.

தவறினால் என்ன ஆகும்?

இது ஏட்டளவிலான கவலை அன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று சிரேயா சிங்கல் வழக்கில் உச்சநீதிமன்றம் முழுமையாக நீக்கியது. ஆயினும் அதன் பின்னரும் பல மாநிலங்களில் அப்பிரிவின் கீழ் வழக்குகள் பதிவாகின. அச்சிட்ட சட்டப் புத்தகங்களில் பிரிவு அப்படியே இருந்தது. நீக்கப்பட்ட செய்தி அடிக்குறிப்பில் மட்டும் இருந்தது. 2022 அக்டோபரில், அப்பிரிவின் கீழ் எவர் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று உச்சநீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று. ஓர் அடிக்குறிப்பைப் பாராததன் விலையைச் சாதாரண மனிதர்கள் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் செலுத்தினர்.

2023இல் நியூயார்க்கில் வேறுவகைத் தவறு நிகழ்ந்தது. செயற்கை நுண்ணறிவுச் செயலி தந்த, உலகில் இல்லவே இல்லாத தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டிய வழக்குரைஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் தண்டம் விதித்தது. அவர்கள் மூலத்தைத் திறந்து பார்க்கவில்லை.

மாணவர் கவனிக்க வேண்டியவை

மூலங்களைத் தேட இன்று நூலகம் மட்டுமே வழி என்ற நிலை இல்லை. மத்திய, மாநிலச் சட்டங்களை அரசின் 'இந்தியா கோட்' தளத்திலும், உச்சநீதிமன்றத் தீர்ப்புகளை 'இ-எஸ்.சி.ஆர்.' தளத்திலும் கட்டணமின்றிப் படிக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பில் சில தீர்ப்புகள் கிடைக்கின்றன. அவை புரிந்துகொள்ள உதவும். அதிகாரபூர்வமானது ஆங்கில மூலமே.

எந்தச் சட்டச் செய்தியைப் படித்தாலும் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும்.

1. இது முதன்மை மூலமா, துணை மூலமா?
2. சொன்னவர் யார்? எந்த நீதிமன்றம், எத்தனை நீதிபதிகள்?
3. முடிவுக்கான காரணம் எது, இடையில் சொன்ன கருத்து எது?
4. எந்தத் தேதியில் இருந்த சட்டத்தின்படி சொல்லப்பட்டது?
5. அதன் பிறகு திருத்தமோ மாற்றுத் தீர்ப்போ வந்துள்ளதா?

நான்காம் கேள்வி இப்போது மிகவும் தேவையானது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. மோசடிக்கு நாம் பழகிய '420' இனி புதிய சட்டத்தில் 318ஆம் பிரிவு. எனினும் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்திற்குப் பழைய சட்டமே பொருந்தும். சம்பவம் நடந்த நாளைத் தெரிந்துகொண்ட பிறகே எந்தப் புத்தகத்தைத் திறப்பது என்று தீர்மானிக்க முடியும்.