கேஷ் நினைவகம்: காட்டும் கணக்கும் உள்ள கணக்கும்

சமையற்கட்டில் அடுப்பருகே அஞ்சறைப் பெட்டி இருக்கும்; மூட்டைகள் உக்கிராண அறையில் இருக்கும். கடுகு வேண்டும்போதெல்லாம் உக்கிராணத்திற்கு நடந்தால் சமையல் எப்போது முடிவது? கணிப்பொறிக்கும் இவ்விடர் நேர்ந்தது. கணக்கிடும் உறுப்பாகிய பிராசஸர் விரைவு பெற்றது. முதன்மை நினைவகமோ அவ்விரைவை எட்டவில்லை.

இதற்கொரு வழியை 1965-இல் சிறு கட்டுரையொன்றில் விளக்கினார் கேம்பிரிட்ஜ் அறிஞர் மாரிஸ் வில்க்ஸ். அடிக்கடி வேண்டப்படும் தரவுகளைச் சிறிய, விரைவான நினைவகமொன்றில் அருகே வைத்துக்கொள்ளலாம் என்பதே அது. 1968-இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையின் 85-ஆம் மாதிரி இக்கருத்தை வணிக உலகிற்குக் கொணர்ந்தது. அதன் கேஷ் 16 கிலோபைட். 32 வரை பெருக்கலாம். 'கேஷ்' என்னும் சொல், மறைத்து வைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையினின்று பிறந்தது.

மேசைக் கணிப்பொறியில், 1989-இல் வந்த இன்டெல் 486 தன் சில்லுக்குள்ளேயே 8 கிலோபைட் கேஷைத் தாங்கியது. இரண்டாம் நிலைக் கேஷோ மதர்போர்டின்மேல் தனிச் சில்லுகளாக அமர்ந்தது. சூது நுழைந்ததும் அவ்விடத்தேதான். 1990-களின் நடுவில், உள்ளீடற்ற வெற்றுச் சில்லுகள் பொருத்திய மதர்போர்டுகள் சந்தைக்கு வந்தன. பயாஸ் நிரலையும் திருத்தி, இல்லாத கேஷ் 256 கிலோபைட் இருப்பதாகத் திரையில் காட்டினர். வாங்கியவர் பணம் கொடுத்தார்; விரைவு கிட்டவில்லை. சோதனை நிரலின் அளவீடும் பயாஸின் கூற்றும் முரண்பட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

ஆயினும் முரண்பாடெல்லாம் மோசடியன்று. 2000-இல் வந்த பென்டியம் 4, கட்டளைகளுக்கான முதல்நிலைக் கேஷைக் கிலோபைட்டில் அளவாமல், 12,000 அளவிலான நுண்கட்டளைகள் எனக் கணக்கிட்டது. ஆகவே ஒரு நிரல் தரவுக் கேஷின் 8 கிலோபைட்டை மட்டும் காட்டும். மற்றொன்று இரண்டையும் கூட்டி 20 என்னும். 2007-இல் வந்த கோர் 2 குவாட் கியூ6600-இல் 4 மெகாபைட் கேஷ் இரண்டு உண்டு. ஒரு நிரல் 4 எனவும், வேறொன்று 8 எனவும் உரைக்கும்; இரண்டும் மெய்யே. மேலும், பிராசஸர் தரும் குறியீடு பழைய நிரலின் பட்டியலில் இல்லாவிடில், அந்நிரல் பிழையான எண்ணைக் காட்டவும் கூடும்.

எனவே பழைய கணிப்பொறி மாறுபட்ட எண்களைக் காட்டினால், முதலில் பிராசஸரின் பெயரைக் கண்டு, தயாரிப்பாளர் வெளியிட்ட அளவோடு ஒப்பிடுக. அடுத்து, பயாஸ் அமைப்பில் கேஷ் முடக்கப்பட்டுள்ளதா எனக் காண்க. மதர்போர்டின் சிறு மின்கலம் தளர்ந்து அமைப்புகள் அழிந்திருப்பின் இது மிகவும் இன்றியமையாதது. பிறகு, பிராசஸருக்குப் பிந்திய காலத்து நிரலால் சோதிக்க. இறுதியாக விரைவை அளக்க: 4, 8, 16 கிலோபைட் என வளரும் தொகுதிகளைப் படிக்கச் செய்தால், ஒரு கேஷின் எல்லையைத் தாண்டியதும் வேகம் சட்டெனக் குறையும். அவ்வெல்லையே கேஷின் உண்மை அளவை ஏறக்குறையக் காட்டும்.

திரையில் தோன்றும் எண் ஒருவர் எழுதி வைத்த கூற்று. அளந்து பெறும் காலமோ பொறி தானே தரும் சான்று. பழம்பொறியொன்றை விலைக்கு வாங்குமுன்னும், பழுதெனக் கழிக்குமுன்னும், சான்றைக் கேட்டு முடிவு செய்வதே பொருளைக் காக்கும் வழி.