நந்தனைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார்

நம் சங்கத்து அன்பர்கள் இல்லங்களில், நந்தனார் சரித்திரக் கீர்த்தனையுள் ஒன்றேனும் அறியாத முதியோர் இரார். எனினும் அவற்றை இயற்றியவர் இன்னாரென்று வினவினால், இளைஞருட் பலர் சுப்பிரமணிய பாரதியாரென்றே விடை பகர்கின்றனர். எம் வகுப்பில் இங்ஙனம் கூறிய மாணாக்கர் ஒருவரல்லர், பலர். அதுபற்றியே இச்சிறு வரலாறு எழுதப் புகுந்தோம்.

கோபாலகிருஷ்ண பாரதியார் நாகபட்டினத்தை அடுத்த நரிமணம் என்னும் ஊரிற் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிறந்தவர். முடிகொண்டானிலும் ஆனந்ததாண்டவபுரத்திலும் மாயூரத்திலும் வாழ்நாளைக் கழித்தார். மணம் செய்துகொள்ளாது பிரமசாரியாகவே இருந்தார். மாயூரத்திற் கோவிந்த சிவம் என்பாரிடம் வேதாந்தம் பயின்றார். திருவிடைமருதூரில் இராமதாஸ் என்னும் வடநாட்டுச் சங்கீத வித்துவானிடம் இந்துஸ்தானி இசையைக் கேட்டறிந்தார். காவிரிக்கரையில் வழங்கிய நொண்டிச்சிந்து, கண்ணி, இருசொல்லலங்காரம் முதலிய எளிய உருக்களையும் அவர் தள்ளினாரல்லர். கதாகாலட்சேபம் செய்வார் கையில் ஒரு சரித்திரம் பலவகைப் பாட்டாகப் பிரிந்து நடக்கவேண்டுமாதலின், இவையெல்லாம் அவர்க்குப் பயன்பட்டன. திருநீலகண்டர், இயற்பகையார், காரைக்காலம்மையார் ஆகியோர் சரித்திரங்களையும் அவர் பாடியுள்ளார். அவை நூலளவில் நின்றன. நந்தன் சரித்திரமோ களத்துமேட்டிற்கும் சென்றது.

அதற்குக் காரணம் யாதென ஆராய்தல் வேண்டும். சேக்கிழார் பெருமான் கூறும் திருநாளைப்போவார் புராணத்தில், ஆதனூர்ப் புலைப்பாடியிற் பிறந்த அத்தொண்டர் பேரிகைகட்குப் போர்வைத்தோலும் விசிவாரும், யாழிற்கு நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்தனர். திருப்புன்கூரில் நந்தி விலகக் கண்டனர். நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று நாள் கழித்துப் பின்னர்த் தில்லையில் எரிபுக்கனர். அங்கே அவரைத் தடுக்கும் பண்ணையார் எவரும் இலர். தம் பிறப்பை எண்ணி அவர் தாமே தயங்குகின்றார். பாரதியாரோ வேதியர் ஒருவரைப் படைத்து அவரை நந்தனுக்கு ஆண்டையாக்கினார். நாற்பது வேலி நிலத்தையும் ஒரே இரவில் விளைவித்துவிட்டுத் தில்லைக்குப் போ என்று அவ்வாண்டை கூறுவதும், இறைவனருளால் அது முற்றுப்பெறுவதும் பாரதியார் கற்பனையே. தாமும் வேதியர் குலத்தினராகிய அவர் இதனைப் பாடினார் என்பது சிறிய செய்தியன்று. உத்தரவு கேட்டு நிற்கும் ஆளின் குரலைத் தஞ்சைச் சீமையின் பண்ணைகளில் அவர் நேரே கேட்டிருத்தல் வேண்டுமென்பது எம் கருத்து. நம் சங்கத்தாருள்ளும் நிலமுடைய குடும்பங்கள் உண்டு. நம் பாட்டன்மார் களத்திலும் நந்தன்மார் கைகட்டி நின்றனர். ஆகலின் வேதியர் வருமிடத்தில் அது பிறர் கதையென்று நாம் நகைத்திருத்தல் ஒவ்வாது.

நிற்க. நூல் அச்சேறுவதற்குமுன் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் சிறப்புப்பாயிரம் பெறப் பாரதியார் விரும்பினார். பிள்ளையவர்கள் 1815 முதல் 1876 வரை வாழ்ந்த பெரும்புலவர். தலபுராணங்கள் பல செய்தவர். கீர்த்தனைகளில் இலக்கண வழுக்கள் மலிந்திருத்தலைக் கண்டு அவர் பாயிரம் தர மனம் ஒவ்வாது நாள் கடத்தினார். பாரதியாரும் சலியாது நடந்தார். ஒருநாள் நண்பகலிற் பிள்ளையவர்கள் உறங்குதலறிந்து திண்ணையில் அமர்ந்து, தம் கீர்த்தனையொன்றைத் தமக்குத்தாமே பாடிக்கொண்டிருந்தாராம். உள்ளே விழித்த பிள்ளையவர்கள் அதனைக் கேட்டு உருகி, எழுந்து வந்து பாயிரம் பாடித் தந்தனர் என்பர். நூல் 1861-ஆம் ஆண்டிற் காரைக்காலில், சீசே என்னும் பிரெஞ்சு உத்தியோகஸ்தர் முயற்சியால் அச்சாயிற்று.

ஆயினும் பிள்ளையவர்கள் இசைக்கு முற்றும் இணங்கினார் என்று கொள்ளற்க. 1871-இல் மாயூரத்தில் அவரிடம் பாடங் கேட்க வந்த உ. வே. சாமிநாதையர், தந்தையார் விருப்பப்படி பாரதியாரிடம் சங்கீதமும் பயின்றுவந்தார். ஆசிரியர் இதனை அறிந்தபோது, இசையிற் பழகினால் இலக்கண இலக்கியத்திற் புத்தி செல்லாதென்று குறிப்பித்தார். மாணவரும் இசைப்பாடத்தை விட்டுவிட்டார். பின்னாளில் 1936-இல் பாரதியார் வரலாற்றைத் தனி நூலாக எழுதி வெளியிட்டவரும் அம்மாணவரே. விட்ட பாடத்தை அவர் மறந்தாரல்லர் போலும்!

இவ்விடத்தில் எம் பிழையொன்றைச் சொல்லாது மேற்செல்ல இயலவில்லை. யாம் புலவர் தேர்வில் தேறிய புதிதில், எம் ஊரிற் சிவராத்திரி இரவில் முதியவர் ஒருவர் நந்தன் கீர்த்தனைகளைப் பாடுவது வழக்கம். அவர் எம் வயலில் ஏர் பிடித்தவர், எழுத்தறியார், கேள்வியாலேயே நாற்பது ஐம்பது உருக்களை நெஞ்சில் வைத்திருந்தார். அன்று அவர் பாட்டின் நடுவே, "பெரியவரே, அந்தச் சொல் அங்ஙனம் வாராது, எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை" என்று கூட்டத்தார் கேட்கத் திருத்தினோம். அவர், "சரிங்க ஐயா, படிச்சவுக சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று கூறித் தாளத்தைக் கீழே வைத்தார். எவ்வளவு வேண்டியும் அன்றிரவு அவர் மீண்டும் பாடவில்லை. அடுத்த சிவராத்திரிக்கு அவர் இல்லை. பிள்ளையவர்கள் திண்ணைக்கு வந்த செய்தியைப் படிக்குந்தோறும், யாம் திண்ணைக்கு வாராமலே போனோமென்ற எண்ணம் எழுகின்றது. யாம் சுட்டிய வழு உண்மையில் வழுவே, அதில் ஐயமில்லை.

பாரதியார் இசையின் பெருமையை வித்துவான்களே கூறத் தக்கவர். திருவையாற்றுக்குச் சென்றவிடத்தில் தியாகராச சுவாமிகளின் மாணவர் பாடிய ஆபோகி இராகக் கீர்த்தனையைக் கேட்டு, அதே இராகத்தில் 'சபாபதிக்கு' என்னும் பாட்டை அவர் இயற்றினார் என்பது வழிவழிச் செய்தி. மாஞ்சியில் வழங்கும் 'வருகலாமோ' என்பது, வாயிலுக்கு வெளியே நின்று கேட்கும் பாட்டு. 1935-இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942-இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகப் படத்தில் தோன்றினர். 1947-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. பாட்டு அச்சாகி அதற்குள் எண்பத்தாறு ஆண்டுகள் கடந்திருந்தன.

நம் ஆண்டுவிழாவில் இக்கீர்த்தனைகளைப் பாடுவிக்கச் செயற்குழுவார் எண்ணியிருப்பதாக அறிகின்றோம். பாடகர் நேரமின்மை கருதி வேதியர் உரையாடற் பகுதியை விடுக்க முற்படின், அதனை விடாது பாடுமாறு கேட்டுக்கொள்கின்றோம். அம்முதியவரின் பேரன் எம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிற் பயில்கின்றான். பாட்டனார் பாடிய உருக்களிற் சில அவனுக்குத் தெரியும். அவனையும் மேடையேற்ற வேண்டுமென்று எழுத்துமூலம் விண்ணப்பித்துள்ளோம். சொற்களைத் திருத்தாமல் அவன் பாட்டனார் பாடியவாறே பாடட்டும் என்பதையும் அதிற் குறித்திருக்கின்றோம்.