ரிப்பேருக்குன்னே பிறந்த எஞ்சின்

எங்க வாலிகண்டபுரம் பக்கம் கிணத்து மேட்டுல ரெண்டு பெரிய சக்கரத்தோட துருப்பிடிச்சுக் கிடக்கிற ஆயில் எஞ்சினைப் பாத்திருக்கீங்களா? அந்த வகைக்கு மூதாதை, 1929ல இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி கொண்டுவந்த சி.எஸ். மாடல். பிறகு ராஜ்கோட் பட்டறைகள் அதை அப்படியே நகலெடுத்தன.

நிமிஷத்துக்கு 650 சுற்றுதான், தேய்மானம் கம்மி. ரிங் போனா ரிங், லைனர் போனா லைனர். முழு எஞ்சினை மாத்தவே வேண்டாம்.

அப்புறம் ஏன் ஓரங்கட்டினோம்? 1990ல தமிழக அரசு எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் தந்தது. டீசல் செலவு எதுக்குன்னு மோட்டாருக்கு மாறினோம். இன்னொன்னு, மேட்டுல நிக்கிற பம்ப் சுமார் 25 அடிக்குக் கீழே இருக்கிற தண்ணியை உறிஞ்சாது. கிணறு வத்த வத்த, போர் போட்டு மோட்டாரை உள்ள இறக்கினோம்.

எஞ்சினுக்கு இன்னைக்கும் ஸ்பேர் கிடைக்குதுங்க. இறங்கிப்போன தண்ணிக்கு?